சொறி (ஜெல்லி மீன்) வந்து போன பிறகு கூண்டைத் தொடாதீர்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். மண்டபம் பக்கம் வடகடலில் (பாக் விரிகுடா) நாங்கள் 5 பேர் குழுவாகச் சேர்ந்து 4 மிதவைக் கூண்டுகளில் கடல் விரால் (கோபியா) வளர்க்கிறோம். கூண்டுக்கு 700 குஞ்சு விட்டோம். முதல் இரண்டு கூண்டு மீன் 2 கிலோவைத் தாண்டிவிட்டது. மற்ற இரண்டும் ஒரு கிலோ அளவில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும், அப்போது பிடிக்கலாம் என்று காத்திருந்தோம். தடை தொடங்கிய அதே வாரம், காற்றே இல்லாத ஒரு ராத்திரி, கூண்டுகளைச் சுற்றிச் சொறி மொய்த்துவிட்டது. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி உடம்பு, கீழே நீள நீளமாக நூல். விடிந்து பார்த்தால் வலையெல்லாம் அப்பிக் கிடந்தது, ஆனால் மீன் ஒன்றும் சாகவில்லை. அதனால் முதல் கூண்டு வலையைத் தூக்கி உதறி, துடுப்பால் அடித்து, மோட்டார் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்தோம். இரண்டாவதைப் பாதி உதறினோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டதால் மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டோம். இரையை வழக்கம்போலப் போட்டோம், பாதிதான் எடுத்தது. மூன்றாம் நாள் முதல் கூண்டில் 41 மீன், நான்காம் நாள் 63 மீன் செத்து மிதந்தது. இரண்டாம் கூண்டில் 9. மற்ற இரண்டிலும் சாவு இல்லை. பக்கத்துக் கூண்டுக்காரர் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்கிறார். கடையில் ஆன்டிபயாட்டிக் பொடி கொடுத்திருக்கிறார்கள், இன்னும் கலக்கவில்லை. சொறி போய் மூன்று நாள் கழித்து மீன் ஏன் சாக வேண்டும்? மிச்சத்தை விற்கலாமா? அடுத்த தடவை எப்படித் தடுப்பது? தம்பிக்குக் கையில் கொட்டிய தடிப்பு இன்னும் இறங்கவில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, அவசரமான இரண்டு விஷயங்களை உங்களிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இரையை நிறுத்துங்கள், வலையைத் தொடாதீர்கள். இந்தக் கரையில் கூண்டு போட்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நன்றாகக் கழுவிய கூண்டில் நூற்றுக்கு மேல் சாவு. பாதி கழுவியதில் 9. கழுவாமல் விட்ட இரண்டிலும் சாவே இல்லை. முதல் கூண்டு நீரோட்டம் வரும் பக்கம் இருந்திருந்தால் அதில் சொறி கொஞ்சம் கூடுதலாக மோதியிருக்கும், அதையும் நான் ஒதுக்கவில்லை. ஆனாலும் பெரிய பங்கு கழுவியதற்குத்தான் என்று நினைக்கிறேன். இப்படி எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சோம்பி உட்காரவில்லை, விடியற்காலையிலேயே இறங்கி உழைத்திருக்கிறீர்கள். அந்த உழைப்புதான் மீனைக் கொன்றது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சொறியின் நூலில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு நூல், முறுக்கிய ஊசி மாதிரி அழுத்தத்தில் சுருண்டு கிடக்கும். ஏதாவது பட்டதும் கண் இமைப்பதற்குள் பை வெடித்து, ஊசி பாய்ந்து விஷத்தை இறக்கிவிடும். இதற்குச் சொறியின் உத்தரவு வேண்டியதில்லை. சொறிக்கு மூளையே கிடையாது. ஒவ்வொரு பையும் தானாகவே வெடிக்கும். அதனால்தான் சொறி செத்தாலும், நூல் அறுந்து தனியாக மிதந்தாலும், கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடந்தாலும் மிதித்தவர் காலில் கொட்டுகிறது. முழுச் சொறி உங்கள் வலைக்கண்ணில் நுழையாது. வெளியே ஒட்டிக்கொண்டு வலை ஓரமாகப் போகிற மீனைத்தான் சுடும். துடுப்பால் அடித்தால் அது நூறு துண்டாகும். மோட்டார் வைத்துப் பீய்ச்சினால் ஆயிரம் துண்டாகும். அத்தனை துண்டும் வலைக்கண் வழியாகக் கூண்டுக்குள் போகும். மீன் வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாகத்தானே விடுகிறது? அந்தத் தண்ணீரோடு துண்டுகளும் செவுளுக்குப் போய்ச் சேர்கின்றன.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாகும் தறுவாயில் இருந்த மீனின் செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்து எடுத்த படம். நல்ல கடல் விராலின் செவுள் செம்பருத்தி இதழ் மாதிரி, சீப்புப் பல் வரிசையாகச் சிவந்து இருக்கும். உங்கள் மீனில் அடிப்பக்கம் சிவப்பு இருந்தது. நுனிகள் மட்டும் சாம்பல் கலந்த பழுப்பாகி, பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நடுவில் ஊசி குத்தியது போல ரத்தப் புள்ளிகள். மேலே கோழை ஒரு திரையாகப் படிந்து, மூடியின் விளிம்பில் கயிறு போலத் தொங்கியது. கண்ணுக்குப் பின்னால் தோலில் வெளிறிய கோடு ஒன்று, நூல் இழுத்த தடம். இதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

இப்போது மூன்றாம் நாள் சாவுக்கு வருகிறேன். கொட்டு வாங்கிய அன்று செவுளின் மெல்லிய தோல் வெந்துபோகிறது. ஆனால் அது உடனே உரிந்து விழாது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் வீங்கி, கோழை கட்டி, உரியத் தொடங்கும். கடல் மீனுக்குச் செவுள் மூச்சு விட மட்டும் அல்ல, உப்பை வெளியேற்றவும் அதுதான் உறுப்பு. கடல் தண்ணீரின் உப்பு மீனின் ரத்தத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மீன் ஓயாமல் கடல் நீரைக் குடிக்கிறது, சேருகிற உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. செவுள் கெட்டால் மூச்சும் முட்டும், ரத்தத்தில் உப்பும் ஏறிக்கொண்டே போகும். பார்வைக்குச் சும்மா சோர்ந்து சுற்றுகிற மீன் போல இருக்கும். உள்ளுக்குள் அது தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறது.

அதோடு இரை போட்டீர்கள். சாளையைத் தின்ற மீனுக்குச் செரிமானத்துக்காகவே ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். சித்திரை வெயிலில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. கடல் விரால் வேகமாக வளரும் மீன், நன்றாக இருக்கும் நாளிலேயே அதற்கு மூச்சுத் தேவை அதிகம். செவுள் பாதியான மீனுக்கு வயிறு நிறைய இரை கொடுத்தது சேர்த்து விழுந்த அடி. நல்லவேளை, பாதிதான் தின்றது.

நானும் ஒருமுறை இதே தவறைச் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கூண்டுப் பண்ணைக்குப் போனேன். வலை முழுக்கப் பாசியும் கொட்டலசுமாக நீரோட்டமே அடைத்துக் கிடந்தது. மீனை உள்ளே வைத்துக்கொண்டே பம்பால் பீய்ச்சிக் கழுவச் சொன்னது நான்தான். அந்த வாரம் சொறியே வரவில்லை, ஆனாலும் மீன் சோர்ந்து விழத் தொடங்கியது. செவுளைக் கீறி உருப்பெருக்கியில் வைத்தால் கொட்டும் பைகள் கிடந்தன. பாசி என்று நான் நினைத்ததில் பாதி பாசியே இல்லை. ஹைட்ராய்டு என்று சொறிக்கு உறவான ஓர் உயிர். வலையில் பழுப்பு மயிர்க்கொத்து மாதிரி வளரும், அதற்கும் கொட்டும் பை உண்டு. நார்வே சால்மன் பண்ணைகளிலும் வலை கழுவும்போது இதே ஹைட்ராய்டுத் துண்டுகள் செவுளைப் புண்ணாக்குவது பெரிய தலைவலி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பண்ணைக்காரர் என்னைத் திட்டவில்லை. செத்த மீனைக் கூடையில் அள்ளியபடி, "அடுத்து என்னம்மா செய்ய?" என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து மீன் உள்ளே இருக்கும்போது வலை கழுவ நான் சொல்வதில்லை. மாற்று வலை வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு வலையைக் கரைக்குக் கொண்டுவந்து, வெயிலில் காயப்போட்டு, பிறகு தட்டுங்கள்.

பக்கத்துக் கூண்டுக்காரர் சொன்ன ஆக்சிஜன் விஷயத்தையும் பார்த்துவிடலாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2019-இல் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியது அவர் நினைவில் இருக்கும். நம் ஆட்கள் பூங்கோரை என்பார்கள், ராத்திரியில் அலையோடு நீலமாக மினுங்கும் நுண்ணுயிர் அது. அது மண்டி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் கூண்டுக்குக் கூண்டு வித்தியாசம் பார்க்காது. நான்கு கூண்டிலும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், வெயில் ஏறினால் கொஞ்சம் தெளியும். வெளியே திரியும் மீனும் நண்டும் சேர்ந்து சாகும். உங்களுக்குச் சாவு பெரும்பாலும் ஒரே கூண்டில்தான், அதுவும் பகலிலும் ராத்திரியிலும், மூன்றாம் நாளில். இது தண்ணீரின் கோளாறு இல்லை, செவுளின் கோளாறு. இருந்தாலும் விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன் அளந்து பாருங்கள். மீட்டர் உங்கள் குழுவில் இல்லாவிட்டால் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கேளுங்கள். இந்தியாவில் கடல் விராலை முதன்முதலாக, 2010-இல், குஞ்சு பொரிக்கவைத்த இடம் அது. கூண்டு வளர்ப்பில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

அடுத்து அந்தப் பொடி. கொட்டுப் புண்ணில் பாக்டீரியா ஏறும் என்பது உண்மைதான். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சால்மன் பண்ணையில் பிடித்த சின்னச் சொறிகளின் வாய்ப்பகுதியிலேயே டெனாசிபாகுலம் என்ற, மீன் தோலையும் செவுளையும் அரிக்கும் பாக்டீரியா இருந்தது. சொறியே புண்ணையும் போட்டு, கிருமியையும் வைத்துவிட்டுப் போகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியிருந்தும் பொடியை ஏன் வேண்டாம் என்கிறேன்? நோயாளி மீன் தின்னாது, இரையில் கலந்த மருந்தைத் தின்பது நன்றாக இருக்கும் மீன்தான். கிருமி என்ன, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்காமல் போட்டால் காசும் போகும், மருந்துக்கு அசையாத கிருமியும் வளரும். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய பாக்கெட் படத்தில் மருந்தின் பெயரே இல்லை. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. அவற்றின் எச்சம் தெரிந்தால் மீனை வாங்க மாட்டார்கள். பெயர் இல்லாத பொடியை உங்கள் ஒரு வருட உழைப்பில் கலக்காதீர்கள்.

அதற்குப் பதில் மாதிரி எடுத்து அனுப்புங்கள். செத்து மிதக்கும் மீனிலிருந்து எடுக்க வேண்டாம், செவுள்தான் முதலில் அழுகும் உறுப்பு, இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். சாகும் தறுவாயில் இருக்கும் மீன் மூன்று, நன்றாக நீந்தும் மீன் இரண்டு என்று எடுங்கள். ஒரு பக்கச் செவுள் வளைவை வெட்டி 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள், துண்டைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதே மீனின் மறுபக்கச் செவுளைப் பாக்டீரியா பார்க்க ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்ப்பியுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் காலை பஸ்ஸில் புறப்பட்டாலும் மதியத்துக்குள் போய்விடலாம். கழுவாத கூண்டிலிருந்தும் ஒரு மீன் சேர்த்து அனுப்புங்கள், ஒப்பிட உதவும்.

ஒட்டுண்ணிக்கு நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுக்கும் வழக்கம் நம் பண்ணைகளில் உண்டு. இப்போது அதைச் செய்துவிடாதீர்கள். நல்ல தண்ணீர் பட்டால், செவுளில் ஒட்டிக்கிடக்கும் வெடிக்காத பைகளும் வெடிக்கும். பிடித்துத் தூக்குவதே அந்த மீனைக் கொல்லப் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் கூண்டுக்கு மூன்று நாள் பட்டினி. நான்காம் நாள் வழக்கத்தில் கால் பங்கு, பொடியாக நறுக்கி, வெயில் தணிந்த பிறகு. வேகமாக மேலே வந்து எடுத்தால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். தயங்கினால் நிறுத்திவிடுங்கள். தடைக்காலத்தில் இரை மீன் கிடைப்பதே கஷ்டம், அந்த வகையில் இது உங்களுக்குச் சௌகரியம்தான். செத்த மீனைக் காலையும் மாலையும் கைவலையால் எடுங்கள், வலையைத் தூக்காமல். கடலில் வீசாமல் கரையில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காற்றுக் குழாய் வைத்துத் தண்ணீரைக் கலக்க முடிந்தால் ராத்திரியில் முதல் கூண்டுக்கு மட்டும் வையுங்கள். வலையில் ஒட்டிய சொறி தானாக அழுகிக் கழன்றுவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் விட்டுவிடுங்கள். லேசான காயம் என்றால் செவுள் புதுத்தோல் போடும். அதுவரை தினம் எத்தனை செத்தது என்று ஒரு நோட்டில் கூண்டு வாரியாக எழுதி வாருங்கள். எண்ணிக்கை இறங்கி, திடீரென்று ஏழு எட்டு நாள் கழித்து மறுபடி ஏறினால் அது கிருமி. அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள், மாதிரி முடிவும் கையில் இருந்தால் மருந்தைப் பற்றிப் பேசலாம்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொறி கொட்டியதால் மீனின் சதை விஷமாவதில்லை, உயிரோடு பிடித்து ஐஸில் போட்ட மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். செத்து மிதந்ததை மட்டும் ஒன்றுகூட விற்காதீர்கள், வீட்டுக்கும் எடுக்காதீர்கள். அந்த வெயிலில் அது எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. கணக்குப் பார்த்தால், முதல் கூண்டு மீன் 2 கிலோவைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்து தடைக்கால விலையில் விற்பது உங்கள் திட்டம். இப்போது அந்தக் கூண்டை அப்படி நம்பி வைத்திருக்க மாட்டேன். வியாபாரியிடம் முன்கூட்டியே பேசி, ஒரே விடியலில் வெயிலுக்கு முன் பிடித்துவிடுங்கள். எப்படியும் பிடிக்கப்போகும் மீன் என்பதால் வலை தூக்கும் அதிர்ச்சி அங்கே கணக்கில்லை. பாதி பிடித்துப் பாதியை விட்டால்தான் மிச்சம் சாகும். தடைக்கால விலை இப்போதே உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இரண்டாம் கூண்டை ஒரு வாரம் பார்க்கலாம். ஒரு கிலோ மீன்களைத் தொட வேண்டாம், அவை தேறும்.

தடுப்பது பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். பெரிய கூட்டம் வந்தால் முழுதாகத் தடுத்தவர்கள் உலகத்தில் குறைவு. வட அயர்லாந்தின் கிளெனார்ம் விரிகுடாவில் 2007 நவம்பரில் பெலேஜியா என்ற ஊதா நிறச் சின்னச் சொறி வந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன்களை அழித்தது. பண்ணை ஆட்கள் படகில் கிளம்பியும் சொறியின் அடர்த்தியில் கூண்டை நெருங்கவே திணறினார்கள். கூண்டைச் சுற்றிக் கீழிருந்து காற்றுக் குமிழி விட்டுச் சொறியை மேலே தூக்கும் முறையைச் சில நாடுகளில் பரிசோதித்திருக்கிறார்கள். சில வகைக்குக் கேட்கிறது, சில வகையை அதுவே துண்டாக்குகிறது. நான்கு கூண்டு வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு கட்டாது. தார்ப்பாய் சுற்றுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். குளிர்க்கடலில் அவர்கள் பாவாடை மாதிரிச் சுற்றுகிறார்கள். நம் சூட்டில், காற்று விழுந்த நாளில், நீரோட்டத்தை அடைத்தால் சொறிக்கு முன்னால் மூச்சுமுட்டல் வந்துவிடும்.

நமக்குக் கைகொடுப்பது முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான். சொறிக்கு நீந்தும் பலம் குறைவு, நீரோட்டம் கொண்டுபோகும் இடத்துக்குப் போகும். உங்கள் வடகடல் ஆழமில்லாத, பெண்கடல் என்று பேர் வாங்கிய அமைதியான கடல். காற்று ஓய்ந்தால் வந்த சொறி அங்கேயே தங்கிவிடுகிறது. உங்களுக்கு ஒரு நாள் முன்பே அதைப் பார்ப்பவர் யார்? நாட்டுப்படகில் வலை வீசுகிறவர், கரைவலை இழுக்கிறவர், பாசி வளர்க்கும் பெண்கள். தடைக்காலத்திலும் அவர்கள் கடலில்தான் இருக்கிறார்கள். வலையில் சொறி ஏறினால் அவர்களுக்கும் அன்றைய பிழைப்பு போச்சு, கை அரிப்புதான் மிச்சம். ஒரு வாட்ஸப் குழு போடுங்கள், தேவிபட்டினத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும். "இங்கே சொறி" என்று இடத்தோடும் நேரத்தோடும் ஒரு வரி போதும். அதோடு நீங்களே வத்தையில் போய், காலையும் மாலையும் கூண்டுக்கு நீரோட்டம் வரும் பக்கம் நூறு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளிப் பத்து நிமிடம் கைவலை இழுத்து எண்ணுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரை மொண்டு ஊற்றிப் பார்த்தால், கண்ணாடித் துளி மாதிரி இருக்கும் விரல்நகம் அளவுச் சொறியும் தெரியும். பெரியது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். நம் கையில் பட்டால் பெரிதாக உறைக்காத நிலாச் சொறியே சால்மன் செவுளைப் புண்ணாக்கியது என்று 2011-இல் வெளியான ஒரு சோதனை காட்டுகிறது. நம் தோலின் தடிமன் வேறு, செவுளின் தடிமன் வேறு.

எண்ணிக்கை ஏறினால் அன்றே இரையை நிறுத்துங்கள். இரைக்காக மேலே வரும் மீன்தான் முதலில் கொட்டு வாங்கும். காசு இருந்தால் ஒரு தடுப்பு வலையும் செய்து வைக்கலாம், ஆனால் கூண்டின் மேலேயே கட்டுவதில் பயன் இல்லை. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராக இல்லாமல் கலப்பை முனை மாதிரிச் சாய்த்து, இரண்டு பக்கமும் சொறி வழுக்கி விலகிப் போகும்படி கட்ட வேண்டும். நேராக நிறுத்தினால் சொறி வந்து மோதி, கிழிந்து, துண்டுகள் கூண்டுக்கே வரும். நீரோட்டம் வேகமாக இருக்கும் தென்கடலில் (மன்னார் வளைகுடா) இதை நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் ரொம்பக் கவலை. சொறி வானத்திலிருந்து விழுவதில்லை. பல வகைச் சொறிகள் பிறந்ததும் கடலடியில் போய்க் கெட்டியான எதிலாவது ஒட்டிக்கொண்டு, கசகசா அளவில் பூ மாதிரி இருந்து வளரும். பிறகு அடுக்கு அடுக்காகப் பிரிந்து குட்டிச் சொறிகளாக நீந்தும். ஒட்ட இடம் எவ்வளவோ அவ்வளவு சொறி. தைவானில் தாப்பொங் என்ற உப்பங்கழியில் சிப்பி வளர்ப்புத் தெப்பங்கள் நிறைந்திருந்தன, நிலாச் சொறியும் மண்டிக் கிடந்தது. 2002-இல் தெப்பங்களை எல்லாம் அப்புறப்படுத்தினார்கள், சொறி காணாமல் போனது. நம் மிதவையின் அடிப்பக்கம், நங்கூரக் கல், கைவிட்ட டிரம் எல்லாமே அதற்குத் தொட்டில்தான். அறுவடை முடிந்ததும் உடைந்த மிதவையையும் பழைய வலையையும் கடலிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் இந்தக் கரையில் இருக்கிறது. தயவுசெய்து எல்லாவற்றையும் கரையேற்றிக் காயவையுங்கள். அப்புறம், வலையில் ஆமை பட்டால் வெட்டியாவது விட்டுவிடுங்கள். சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை, பங்குனி ஆமையின் இரையில் சொறியும் உண்டு.

கடைசியாக உங்கள் தம்பியின் கை. கொட்டிய உடனே செய்ய வேண்டியது, கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய நூலைக் குறடாலோ கையுறை போட்ட கையாலோ எடுப்பது. நல்ல தண்ணீர், மணல் தேய்ப்பு, மூத்திரம் எதுவும் வேண்டாம், எல்லாமே மிச்சப் பைகளை வெடிக்கவைக்கும். வினிகர் பெட்டிச் சொறிக்கு உதவும். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி கிண்ண உடம்பும் நீள நூலுமாக இருக்கும் சில வகைகளில் நிலைமையை மோசமாக்கும், அதனால் வேண்டாம். பிறகு தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவுக்கு, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும். அந்தக் கட்டம் இப்போது தாண்டிவிட்டது. ஒரு வாரம் கழித்தும் தடிப்பு இறங்காமல், அரிப்போடு கோடு கோடாகத் தெரிந்தால் அது ஒவ்வாமை, ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போதாவது கொட்டியவருக்கு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வாந்தியோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இனி கூண்டில் இறங்கும் யாரும் முழுக்கைச் சட்டையும் காலுறையும் இல்லாமல் இறங்க வேண்டாம். அவன் கை ஆறும்வரை இரை நறுக்கும் வேலையும் கொடுக்காதீர்கள், மீன் முள் குத்தினால் அந்தப் புண்ணில் சீழ் வைக்கும்.

நோட்டில் எழுதும் எண்ணிக்கையைத் தினம் ராத்திரி எனக்கு அனுப்புங்கள்.